காட்டாமணக்குப் புண்ணாக்கு

பாய்,

நேற்று தேக்கா மார்க்கெட் பக்கம் நல்லெண்ணெய் வாங்கப் போயிருந்தேன். சிராங்கூன் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்து ஒன்றில் எண்ணெய்க் கடை இருக்கிறது. முன்பக்கம் போத்தல்கள், பின்பக்கம் ஆட்டுகிற மெஷின். அப்போதுதான் மெஷினிலிருந்து விழுந்த புண்ணாக்கைக் கடைக்காரர் கையால் ஒடித்து, "வாசம் பாருங்கக்கா, சுத்தமான எள்ளு லா" என்று என் மூக்கருகே நீட்டினார். சூடு ஆறாத புண்ணாக்கு. எண்ணெயை வாங்காமலே வெளியே வந்து, பக்கத்துப் பூக்கடை முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மயக்கமா என்று பூக்காரப் பெண் கேட்டாள். வெயில் என்றேன். பொய் சொல்வதில் நான் கெட்டிக்காரி. அது உங்கள் ஒருவருக்குத்தான் தெரியும்.

நீங்கள் போய் நாற்பது நாள் ஆகிவிட்டது. உயிரோடு எதிர் அடுக்குமாடி புளோக்கில் இருந்த மனிதரிடம் சொல்லாததை இப்போது எழுதுகிறேன். இதை எங்கே அனுப்புவது என்று கேட்காதீர்கள். எழுதி முடித்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

புக்கிட் பாஞ்சாங் அப்போது கம்பமாக, சின்னக் கிராமமாக இருந்தது. மண் ரோடு, தகரக் கூரை, பின்னால் மேடும் புதருமாகக் கிடந்த நிலம். எங்கள் வீட்டுப் பக்கவாட்டில் மாட்டுக் கொட்டகை, அதில் ஒன்பது உருப்படி. என் வீட்டுக்காரர் சைக்கிளில் பால் கொண்டுபோய் ஊற்றுவார். கறப்பது, தீனி வைப்பது, கழுவுவது எல்லாம் நான். கொட்டகைக்கு அடுத்து ஒரு வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் நீங்கள். லாரி ஒர்க்‌ஷாப்பில் டீசல் ஃபிட்டர். வீடு திரும்பும்போது முழங்கை வரைக்கும் கறுப்பாக வருவீர்கள். சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தும் போகாத அந்தக் கையோடுதான் நோன்புக் கஞ்சித் தூக்கை வேலி வழியாக நீட்டுவீர்கள். நான் கிறிஸ்துமஸுக்குச் சுட்ட பலகாரத்தை அதே தூக்கில் போட்டுத் திருப்பித் தருவேன்.

வேலி என்று சொன்னேனே, அது காட்டாமணக்கு. ஜாராக் என்பார்கள் மலாய்க்காரர்கள். ஒரு குச்சியை ஒடித்து ஊன்றினால் போதும், வளர்ந்துவிடும். ஆடு மாடு வாய் வைக்காது என்பதற்காகவே அதை வேலிக்கு நடுவார்கள். பாய், இந்த வரியை எழுதும்போது கை நின்றுவிட்டது. என் மாடுகள் அத்தனை வருஷம் அந்த வேலியோடு உரசிக்கொண்டு நின்றன. ஒன்றுகூட ஓர் இலையைக் கடித்ததில்லை. அவற்றுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் போனது.

பெட்ரோல், டீசல் விலை ஏறி உலகமே அலறிய வருஷம் நீங்கள் அந்த வேலியைப் பார்க்க ஆரம்பித்தீர்கள். வேலையிலிருந்து வந்து கால்கூடக் கழுவாமல் அங்கேயே நிற்பீர்கள். காயைப் பறித்துப் பிளப்பீர்கள், கொட்டையை நகத்தால் நசுக்கி விரலில் தேய்த்துப் பார்ப்பீர்கள்.

"என்ன பாய், வேலி எங்கயும் போயிடாது. காவல் நிக்கிறீங்களா?" என்று வம்புக்கு இழுத்தேன்.

"இந்தக் கொட்டைல எண்ணெய் இருக்கு தங்கச்சி. பத்த வச்சா மெழுகுவத்தியா நின்னு எரியுது. டீசல் இன்ஜின் என்ன பாவம் பண்ணுச்சு? அது இதையும் எரிக்கும் லா."

"அப்ப எங்க வீட்டுக்காரர் சைக்கிளுக்கும் கொஞ்சம் ஊத்துங்க."

நீங்கள் சிரிக்கவில்லை. இந்த விஷயத்தில் மட்டும் உங்களிடம் கிண்டல் செல்லாது என்று அன்றே தெரிந்துகொண்டேன்.

பின்னால் கிடந்த மேட்டு நிலத்தைச் சும்மா விட்டுப் போயிருந்தார் ஒரு பன்றிப் பண்ணைக்காரர். அவரிடம் கேட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் குச்சி ஊன்றினீர்கள். நாங்கள் கோயிலுக்குப் போகும்போது குனிந்திருப்பீர்கள்; பூசை முடிந்து வரும்போதும் குனிந்தே இருப்பீர்கள். கம்பத்தில் எல்லாரும் மிளகாய் போட்டார்கள், கீரை போட்டார்கள், மரவள்ளி போட்டார்கள். வேலிச் செடியைப் பாத்தி கட்டி வளர்த்தவர் நீங்கள் ஒருவர்தான். உங்கள் வீட்டு அக்காவிடம் கேட்டால், "புருஷனுக்குப் பேய் பிடிச்சா ஓதிப் பாக்கலாம், செடி பிடிச்சா என்ன செய்ய?" என்பார்.

காய்க்க இரண்டு வருஷம் ஆனது. காய்த்த பிறகுதான் உண்மையான பாடு. ஒரே கொத்தில் பச்சையும் மஞ்சளும் கறுப்புமாகத் தொங்கும். பழுத்ததை மட்டும் பார்த்துப் பார்த்துக் கையால்தான் பறிக்க வேண்டும். நாலு நாள் கழித்து அதே கொத்துக்குத் திரும்பி வர வேண்டும். கொட்டகை வேலை முடிந்ததும் நானும் வந்து பறித்திருக்கிறேன். செடிப் பால் பட்டு என் துணியெல்லாம் கறை. ஓடு உடைத்துக் கொட்டை எடுக்கும்போது நீங்கள் ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வீர்கள்: "கைய வாய்கிட்ட கொண்டு போவாதீங்க. கழுவிட்டுத்தான் சோத்துல கை வைக்கணும்."

தேக்காவில் எந்த மெஷின்காரரும் உங்கள் கொட்டையை ஆட்டித் தர மாட்டேன் என்றுவிட்டார்கள். தின்கிற எண்ணெய் ஓடுகிற மெஷினில் இதைப் போட முடியுமா? கோபப்படாமல் திரும்பி வந்தீர்கள். லாரியைத் தூக்குகிற ஜாக்கியைக் கவிழ்த்து, தடித்த இரும்புக் குழாய் ஒன்றில் ஓட்டை போட்டு, நீங்களே ஓர் அமுக்கி செய்தீர்கள். கொட்டையை வாணலியில் சூடு பண்ணி, இடித்து, சாக்குத் துணியில் கட்டிக் குழாய்க்குள் திணித்து ஜாக்கியை மிதித்தால், சொட்டுச் சொட்டாக இறங்கும். பழைய கைலியில் இரண்டு தடவை வடிகட்டி, போத்தலில் ஊற்றித் தெளிய வைப்பீர்கள். மஞ்சள் நிறம். பார்த்தால் சமையல் எண்ணெய் என்றே நம்பத் தோன்றும்.

முதல்முதலில் அது ஓட்டிய இன்ஜின் எங்களுடையது. கொட்டகைக்குத் தண்ணீர் இறைக்கிற கிணற்றடி பம்பு. டீசலில் ஸ்டார்ட் பண்ணி, சூடேறிய பிறகு குழாயை மாற்றினீர்கள். ஒரு இருமல் இருமியது. நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. புகைபோக்கியிலிருந்து வடை சுடுகிற வாசம் வந்தது. தொட்டியில் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. என் வீட்டுக்காரர் யாரையும் லேசில் பாராட்டுகிறவர் அல்ல. அவரே உங்கள் தோளில் தட்டி, "பாய், நீங்க இந்தக் கம்பத்துல இருக்க வேண்டிய ஆளே இல்ல" என்றார். உங்கள் கண் கலங்கியதை அவர் பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.

அதன் பிறகு நீங்கள் தரையில் நடக்கவே இல்லை. எந்த இன்ஜின் எத்தனை மணி ஓடியது, எங்கே கரி பிடித்தது என்று நோட்டில் எழுதினீர்கள். உங்கள் முதலாளியின் மருமகன் ஒரு காலேஜில் இன்ஜினியரிங் வாத்தியார். உங்கள் நோட்டைப் படித்துவிட்டு, அடுத்த மாதம் நேரில் வந்து செடியையும் இன்ஜினையும் பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினார். ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய உங்களைப் பார்க்க ஒரு காலேஜ் வாத்தியார் வருகிறார்! வருகிறவரை எங்கே உட்கார வைப்பது என்று எங்கள் நாற்காலியை இரவல் கேட்டீர்கள்.

அவருக்குக் காட்டத்தான் நிறைய எண்ணெய் எடுத்தீர்கள். நிறைய எண்ணெய் என்றால் நிறையப் புண்ணாக்கு. ஒரு சாக்கு நிறைந்துவிட்டது. அதை எங்கள் கொட்டகை மூலையில் கொண்டுவந்து வைத்தீர்கள். என் வீட்டுக்காரர் பால் ஊற்றப் போயிருந்தார். நீங்களும் நானும் மட்டும்.

"தங்கச்சி, இது இங்க ரெண்டு நாள் இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை மேட்டுல குழி வெட்டிப் பொதைச்சிடுறேன். மாட்டுக்கு மட்டும் காட்டிடாதீங்க. எண்ணெய எடுத்தாலும் விஷம் இதுலதான் நிக்கும்."

"சரி பாய்" என்றேன்.

எத்தனை தெளிவாகச் சொன்னீர்கள்! நான் எத்தனை தெளிவாகச் சரி என்றேன்!

நான் மாட்டுக்காரர் வீட்டில் பிறந்து மாட்டுக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். எள்ளுப் புண்ணாக்கு, கடலைப் புண்ணாக்கு, தேங்காய்ப் புண்ணாக்கு என்று ஊறவைத்து ஊறவைத்துக் கைரேகை தேய்ந்தவள். எண்ணெய் மனிதருக்கு, புண்ணாக்கு மாட்டுக்கு. அதைக் குழி தோண்டிப் புதைப்பதா? இன்ஜினைப் பற்றி நீங்கள் சொன்னால் கேட்டுக்கொள்வேன். மாட்டைப் பற்றி ஒரு ஃபிட்டர் எனக்குச் சொல்வதா? அந்த மாதம் தீனிக்கும் திண்டாட்டம். நாங்கள் சோயாச் சக்கை வாங்கிய, சோயாக் கட்டி செய்கிற தவுவாக் கடை இடம் மாறிப் போய்விட்டது. சினையாக இருந்த சிவப்பிக்கு விலாவெலும்பு தெரிந்தது. "மாட்ட இப்படியா வச்சிருப்ப?" என்று வீட்டுக்காரர் தினமும் முணுமுணுத்தார். மூலையில் சாக்கு நிறையப் புண்ணாக்கு, அதன் வாசமும் நல்ல வாசம்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் ஊறவைத்தேன். சிவப்பி மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். உப்பும் தவிடும் அன்னாசித் தோலும் போட்டுப் பிசைந்து, தாடையைத் தடவி, "தின்னுடி கண்ணு" என்று கொஞ்சித் தின்ன வைத்தேன். ஒரு கிடாரிக்கும் வைத்தேன். மறுநாளும் வைத்தேன்.

இதில் ஒன்றை இதுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டதில்லை. பால் கறக்கிற மாடுகளுக்கு நான் வைக்கவில்லை. ஒன்றுக்குக்கூட வைக்கவில்லை. விஷம் என்று நம்பவில்லை என்றால் ஏன் அவற்றுக்கு வைக்கவில்லை? சினை மாட்டுக்குத்தான் தெம்பு வேண்டும் என்று காரணம் சொல்லிக்கொண்டேன். உள்ளுக்குள் எங்கேயோ நீங்கள் சொன்னதை நம்பியிருக்கிறேன், பாய். நம்பிக்கொண்டேதான் வைத்தேன்.

சனிக்கிழமை மாலையே கழிச்சல் ஆரம்பித்தது. ஞாயிறு காலையில் சிவப்பி எழுந்திருக்கவில்லை. கண் உள்ளே போய்விட்டது. தண்ணீர் காட்டினால் தலையைத் தூக்கும், குடிக்க முடியாமல் வைத்துவிடும். அன்று எங்கள் வீட்டில் யாரும் பூசைக்குப் போகவில்லை. மாட்டு டாக்டர் வந்து மலாயில் கேட்டார், என்ன தின்றது என்று. எப்போதும் தின்பதுதான் என்று நான் சொன்னேன். மத்தியானம் கிடாரி போனது, சாயங்காலம் சிவப்பி. வயிற்றுக்குள் கன்று அசைந்ததை என் கையால் தொட்டுப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றுவிட்டது.

கொட்டகையைக் கழுவும்போதுதான் என் வீட்டுக்காரர் சாக்கைப் பார்த்தார். பாதி காலி. திரும்பி என்னைப் பார்த்தார். அவர் என்னை அடித்ததில்லை. அன்று கை மேலே போய்விட்டது.

"எந்தப் புண்ணாக்குடி இது?"

"பாய் கொண்டாந்து வச்சாரு. மாட்டுக்குன்னுதான் நினைச்சேன். அவரு ஒண்ணும் சொல்லலையே."

சொல்லி வாயை மூடவில்லை. நீங்கள் மண்வெட்டியோடு கொட்டகை வாசலில் நின்றிருந்தீர்கள். குழி வெட்ட வந்திருந்தீர்கள். நான் சொன்னது முழுவதும் உங்கள் காதில் விழுந்தது.

அவர் உங்கள் மேல் பாய்ந்தார். "ரெண்டு மாடு பாய்! வயித்துல கன்னு! விஷம்னு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். ஒரே ஒரு தடவை. நானும் பார்த்தேன். இறக்காமல் நின்ற அவருடைய கையையும் நீங்கள் பார்த்தீர்கள். பிறகு மண்வெட்டியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுச் சொன்னீர்கள்.

"மறந்துட்டேன். தப்பு என்னோடதுதான்."

வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்ல எனக்கு அப்போது எத்தனையோ நேரம் இருந்தது. மாடுகளைப் புதைக்கவும் நீங்கள்தான் குழி வெட்டினீர்கள். புண்ணாக்குக்கு வெட்ட வந்த இடத்தில் மாட்டுக்கு வெட்டினீர்கள். அவர் உங்களுக்கு ஒரு கைகூடக் கொடுக்கவில்லை. நான் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் எல்லாமே சரிந்தது. பாய் விஷத்தைப் பயிர் பண்ணுகிறார் என்று கம்பம் முழுக்கப் பேச்சு. பிள்ளைகள் தின்றால் என்னாகும் என்று வீட்டுக்கு வீடு கேட்டார்கள். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் அதே செடி அவர்கள் எல்லார் வீட்டு வேலியிலும் நின்றது. அதை யாரும் பிடுங்கவில்லை. நீங்கள் பிடுங்கினீர்கள். வேலைக்கு லீவு போட்டு, மேட்டில் ஒரு செடி விடாமல் வேரோடு இழுத்துப் போட்டு எரித்தீர்கள். புகை எங்கள் வீட்டுப் பக்கம் வந்தது. ஜன்னலைச் சாத்தினேன்.

காலேஜ் வாத்தியார் சொன்னபடி வந்தார். கார் மண் ரோட்டில் நின்றது. நீங்கள் வெள்ளைச் சட்டை போட்டு, வேறு யார் வீட்டிலோ கேட்டு வாங்கிய நாற்காலியில் அவரை உட்கார வைத்தீர்கள். டீ கொடுத்தீர்கள். அவர் வெறும் மேட்டைக் காட்டி ஏதோ கேட்டார். நீங்கள் தலையை ஆட்டினீர்கள். பத்து நிமிஷத்தில் கார் போய்விட்டது. அந்த நோட்டை அவர் கேட்டு நீங்கள் கொடுத்தீர்களா, இல்லை அதையும் எரித்தீர்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எங்களுக்கும் கொட்டகை நிலைக்கவில்லை. விஷம் தின்ற மாட்டுப் பால் என்று வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக விலகிப்போனார்கள். மீதி மாடுகளை விற்றோம். என் வீட்டுக்காரர் துவாஸில் கப்பல் பட்டறை வேலைக்குப் போனார். பிறகு கம்பத்தையே காலி பண்ணச் சொல்லி, எல்லாரையும் புளோக்குக்கு மாற்றினார்கள். எங்கெங்கேயோ போயிருக்க வேண்டியவர்கள், நீங்களும் நானும் எதிரெதிர் புளோக்கில் வந்து விழுந்தோம்.

மார்க்கெட்டில் பார்ப்பீர்கள். "நல்லா இருக்கீங்களா தங்கச்சி?" என்பீர்கள். என் வீட்டுக்காரர் கூடவே இருந்தால் தலையை மட்டும் அசைத்துவிட்டு நகர்ந்துவிடுவீர்கள். ஒரு தடவையாவது முறைத்திருக்கலாம். குத்திக்காட்டி ஒரு சொல் விட்டிருக்கலாம். எனக்கு உங்கள் மேல் எத்தனை கோபம் தெரியுமா? யார் உங்களைச் சுமக்கச் சொன்னது? நான் கேட்டேனா? அவர் ஒரு அறை அறைந்திருப்பார். ஒரு வருஷம் பேசாமல் இருந்திருப்பார். முடிந்திருக்கும். நீங்கள் தாங்கிப் பிடித்ததால் அது கீழே விழவே இல்லை. இப்படியெல்லாம் உங்கள் மேலேயே பழியைப் போட்டுத்தான் நான் தூங்கினேன்.

கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்வேன். கோபப்பட்டேன், புறம் பேசினேன், பொய் சொன்னேன் என்று வரிசையாகச் சொல்வேன். எந்தப் பொய் என்று சாமியார் கேட்கவில்லை. கேட்டுவிடுவாரோ என்று பயந்து ஒவ்வொரு தடவையும் அந்த வரியை வேகமாகச் சொல்லி முடிப்பேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர் போனார். உங்கள் மேல் அந்தக் கோபத்தோடேயே போனார். அடக்கப் பூசையன்று கோயில் வாசலுக்கு வெளியே நீங்கள் குடையோடு நின்றிருந்தீர்கள். உள்ளே வரவில்லை. இனிமேல் எனக்கு யாரிடமும் பயம் இல்லை என்று அப்போது நினைத்தேன். நாளைக்குச் சொல்வோம் என்று நினைத்தேன். நோன்பு முடியட்டும், மழை விடட்டும், அக்கா ஊருக்குப் போயிருக்கும்போது பார்ப்போம் என்று இரண்டு வருஷம் ஓட்டினேன். எதிர் புளோக், பாய். இறங்கி ஏறினால் ஐந்து நிமிஷம்.

உங்கள் மையித்தை எடுத்த அன்று வந்தேன். கூடத்தில் உங்களைக் கிடத்தியிருந்தார்கள். முகம் மட்டும் தெரிந்தது. தூக்குவதற்கு முன்னால் உங்கள் மகன் நடுவில் வந்து நின்று, வாப்பாவால் யாருக்காவது மனக்குறை இருந்தால் பொறுத்து மன்னித்துவிடுங்கள் என்று எல்லாரையும் கேட்டுக்கொண்டான். உங்களில் அது வழக்கம் என்று எனக்குத் தெரியும். பெண்களோடு ஓரமாக நின்றேன். அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னைத் தேடி வந்தார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"தங்கச்சி, மத்தவங்களுக்கு மகன் சொன்னது போதும். உங்ககிட்ட நானே கேக்கணும். உங்க மாட்டுங்க செத்தத அவர் மறக்கவே இல்லம்மா. சொல்லாம விட்டுட்டேன், சொல்லாம விட்டுட்டேன்னு ஆஸ்பத்திரியிலயும் அதையேதான் சொன்னாரு. அந்தப் பாவத்தோட அவர் போக வேணாம். மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை உங்க வாயால சொல்லுங்க."

உங்கள் சொந்த வீட்டில், சொந்த மனைவியிடம்கூட நீங்கள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. இல்லை, இத்தனை வருஷம் சொல்லிச் சொல்லி உங்களுக்கே அது உண்மையாகிப் போயிற்றா? இரண்டில் எது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டாவதாக மட்டும் இருக்கக் கூடாது என்று ஜெபிக்கிறேன்.

அக்கா கையை விடவில்லை. வெளியே உங்களைத் தூக்கக் காத்திருந்தார்கள். எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள்.

"மன்னிச்சுட்டேன் அக்கா" என்றேன். அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். உங்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.